துரங்கலீலாவுக்குத் தாளம் போடலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாக மிருதங்கம் பயின்று வருகிறேன். சில மாதங்களுக்கு முன் நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றில், பிரெஞ்சு இசையமைப்பாளரான ஒலிவியே மெஸ்ஸியான் நம்முடைய தாளங்களைக் கொண்டு இசையமைத்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து சென்றிருந்தீர்கள். அந்த வரியை நம்பி அவருடைய 'துரங்கலீலா' சிம்பொனியைத் தேடிப் பிடித்து முழுவதும் கேட்டேன். ஆதி தாளம் போட்டுப் பார்த்தேன், கண்ட சாபு போட்டுப் பார்த்தேன், மிஸ்ர சாபுவும் போட்டுப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. தாளச் சுற்று தொடங்கும் சமம் எங்கே விழுகிறது என்பதே பிடிபடவில்லை. என் குருநாதரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டவர், "பேரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்கப்பா" என்று சிரித்துவிட்டார். இவர் யாரிடம் தாளம் கற்றார்? உண்மையிலேயே கற்றாரா? போர்க்கைதிகள் முகாமில் ஐயாயிரம் பேர் முன்னிலையில், மூன்று தந்தி மட்டுமே மிஞ்சியிருந்த செலோவை வைத்துக்கொண்டு இவர் கச்சேரி செய்ததாகவும் படித்தேன். அதுவாவது உண்மையா? அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் குருநாதர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. 'நம்முடைய தாளங்களைக் கொண்டு' என்று நான் எழுதியது கவனக்குறைவு. அந்தச் சொற்றொடரைப் படிக்கும் எவரும், மெஸ்ஸியான் ஒரு வித்வானின் முன்னால் அமர்ந்து தொடையில் தட்டிக் கற்றுக்கொண்டதாகத்தான் நினைப்பார்கள். அவர் யாரிடமும் கற்கவில்லை. அவருக்குத் தாளம் வந்து சேர்ந்தது ஒரு கலைக்களஞ்சியத்தின் பக்கத்திலிருந்து.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் லாவிஞாக் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஒரு பெரிய இசைக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அதில் இந்திய இசையைப் பற்றி ழோவனி குரொசே என்ற சமஸ்கிருத அறிஞர் எழுதிய நீண்ட கட்டுரையில், சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகர'த்திலிருந்து 120 தேசி தாளங்களின் பட்டியல் தரப்பட்டிருந்தது. சார்ங்கதேவர் 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ அரசன் சிங்கணனின் அவையில் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவப் பருவத்தில் அந்தப் பட்டியலைக் கண்ட மெஸ்ஸியான், பெயரும் அளவும் மட்டுமே இருந்த அந்தப் பக்கங்களை வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் புரட்டினார். இறப்புக்குப் பிறகு ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய இசை நூலிலும் அந்த 120 தாளங்களின் அலசல் இடம்பெற்றிருக்கிறது.

இப்போது அந்தப் பட்டியலை அவருடைய இடத்திலிருந்து பாருங்கள். துருதம் அரை மாத்திரை, லகு ஒரு மாத்திரை, குரு இரண்டு, ப்லுதம் மூன்று. இவற்றின் வரிசைகளும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயரும் அங்கே இருக்கின்றன. அது ஒரு சுற்று என்பதையோ, சுற்று முடிந்து சமத்துக்குத் திரும்புவதே தாளத்தின் உயிர் என்பதையோ, கை தட்டலும் வீச்சும் விரல் எண்ணிக்கையும் பாடகரையும் பக்கவாத்தியக்காரரையும் ஒன்றாகப் பிடித்து வைக்கின்றன என்பதையோ பட்டியல் சொல்லவில்லை. காதால் கேட்டிராத ஒருவருக்கு எந்தப் பட்டியலும் அதைச் சொல்ல முடியாது. ஆகவே அவர் தாளத்தை ஆவர்த்தனமாகப் படிக்காமல், நாம் யாப்பைப் படிப்பதுபோலப் படித்தார். குறிலும் நெடிலும் அடுத்தடுத்து வரும் ஒரு சந்தக் கோடாக அவருக்கு அது தெரிந்தது. நமக்குத் தாளம் என்பது பாட்டை அளக்கும் முழக்கோல். அவருக்கு அதுவே துணியாகிவிட்டது. துரங்கலீலாவுக்கு நீங்கள் போட்ட தாளம் நிற்காமல் போனதற்குக் காரணம் இதுதான். முழக்கோலை வெட்டிச் சட்டை தைத்திருக்கும் இடத்தில், அந்தச் சட்டையை எந்தக் கோலால் அளப்பது?

இப்படிப் படித்தது அவருக்கு இயல்பாகவும் இருந்தது. பாரிஸ் இசைக் கல்லூரியில் அவருக்கு இசை வரலாறு கற்பித்த மொரீஸ் எம்மானுவேல் பழங்கிரேக்க யாப்பில் தோய்ந்தவர். நெடில் குறில்களால் ஆன கிரேக்கச் சீர்களை ஏற்கெனவே இசையாகக் கேட்கப் பழகியிருந்த செவிக்கு, சார்ங்கதேவரின் பட்டியல் அதே வகை ஏட்டின் இன்னொரு பகுதியாகவே தோன்றியிருக்கும். 'தேங்கீ' என்ற தாளம் அந்தப் பட்டியலில் இருக்கிறது: குரு, லகு, குரு. தாம், த, தாம் என்று சொல்லிப் பாருங்கள். முன்னிருந்து சொன்னாலும் பின்னிருந்து சொன்னாலும் அதேதான். திருப்பவே முடியாத சந்தம் என்று மெஸ்ஸியான் இதைக் கொண்டாடினார். தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடிய மொழி இது. விகடகவி என்ற சொல்லைக் குழந்தைகள் புரட்டிப் பார்த்துச் சிரிக்கும் மொழி இது. சம்பந்தர் எழுத்தில் செய்ததை மெஸ்ஸியான் கால அளவில் செய்தார். காலம் முன்னோக்கி மட்டுமே ஓடும் என்பதற்கு விலக்கான ஒரு சிறு துண்டை அதில் அவர் கண்டார். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்பதால் அந்த விலக்கு அவருக்கு நித்தியத்தின் சாயலாகப் பட்டது.

அதேபோல, சார்ங்கதேவரின் குறிப்பு முறையில் விராமம் என்ற சிறு அடையாளம் ஓர் அளவுடன் அதன் பாதியைக் கூட்டிவிடும். 'ராகவர்த்தனம்' என்ற தாளத்தில் இந்த ஒட்டைக் கண்ட மெஸ்ஸியான், சீராக நடந்துகொண்டிருக்கும் ஒரு வரிசையில் எங்காவது ஒரு சிறு அளவைக் கூடுதலாகச் செருகி, நடையை நொண்ட வைக்கும் உத்தியை உருவாக்கிக்கொண்டார். நான்கு நான்காகப் போய்க்கொண்டிருப்பது திடீரென நான்கேகால் ஆகும். அடுத்த கணம் மீண்டும் நான்கு. நீங்கள் போட்ட ஆதி தாளத்தின் காலை வாரியது பெரும்பாலும் இந்த உத்தியாகவே இருக்கும்.

யதி, அதாவது சந்தத் துண்டுகள் நீண்டும் குறைந்தும் அடுக்கப்படும் ஒழுங்கு, பயின்றிருப்பீர்கள். கோபுச்சம் குறைந்துகொண்டே போகும், ஸ்ரோதோவகம் பெருகிக்கொண்டே போகும், சமயதி மாறாமல் நிற்கும். துரங்கலீலாவில் மெஸ்ஸியான் மூன்று சந்தங்களை ஒரே நேரத்தில் ஓட விடுகிறார். ஒன்று ஒவ்வொரு முறை வரும்போதும் நீள்கிறது, இன்னொன்று தேய்கிறது, மூன்றாவது அப்படியே இருக்கிறது. அவரே இதற்கு நாடக விளக்கம் தருவார்: ஒருவன் அடிக்கிறான், ஒருவன் அடி வாங்குகிறான், ஒருவன் அசையாமல் வேடிக்கை பார்க்கிறான். இதை அவர் கற்றது ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையிலிருந்து. நம் யதிக்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது. ஆனாலும் உங்கள் குருநாதரிடம் இந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கேட்கச் சொன்னால், அவர் முன்புபோலச் சிரிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

'துரங்கலீலா' என்ற பெயரும் அந்த 120 தாளங்களில் ஒன்றின் பெயரே. துரங்கம் குதிரை, லீலா விளையாட்டு. ஓடும் காலம், படைத்தும் அழித்தும் ஆடும் ஆட்டம், காதல் என்றெல்லாம் மெஸ்ஸியான் அதற்குப் பொருள் விரித்தார். பெயரின் ஒலியும் அவரைக் கவர்ந்திருந்தது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மெஸ்ஸியானுக்கு ஒரு தலைமுறை முந்திய மொரீஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912இல் இந்தியாவுக்கே வந்தவர். இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டு, கோயம்புத்தூர் தாயி பாடிய இசைத்தட்டு ஒன்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றி 'ராகமாலிகா' என்ற படைப்பை எழுதினார். நம் இசையைக் காதால் கேட்டவர் அவர். ஏட்டில் படித்தவர் மெஸ்ஸியான். ஆனால் இன்று உலகெங்கும் இசைக்கப்படுவது ஏட்டில் படித்தவரின் இசை. இது எனக்கு நெடுநாளாக உறுத்திவந்த முரண். தெலாழ் கேட்டதை மதித்து அதன் அருகிலேயே நின்றுவிட்டார். மெஸ்ஸியானுக்கு மதிப்பதற்கு எதிரில் ஒரு பாடகி இல்லை, வெறும் அளவுகளே இருந்தன. அவற்றை அவர் எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ள முடிந்தது. மேலும், அந்தத் தாளங்களில் மிகப் பலவற்றை நாமே கைவிட்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. இன்று நாம் பயிலும் சூளாதி சப்த தாளங்கள் மேலோங்கிய பிறகு பழைய தாளங்கள் பட்டியல்களில் உறங்கின. மகா வைத்தியநாத ஐயர் 128 அட்சரம் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் தில்லானா இயற்றியதை இன்றும் நாம் சாதனையாகச் சொல்கிறோம் என்றால், அது அத்தனை அரிது என்பதால்தானே? நம் வீட்டுப் பரணில் கிடந்ததை ஒருவர் எடுத்துத் தலைகீழாகப் பயன்படுத்தினார் என்பதற்காக அவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளம் கற்றவர் என்று சொல்லவும் வரவில்லை.

இனி வாழ்க்கை. 1908 டிசம்பர் 10 அன்று அவிஞோன் நகரில் பிறந்தார். தந்தை பியேர் ஆங்கில ஆசிரியர், ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். தாய் செசீல் சோவாஜ் கவிஞர். மகனை வயிற்றில் சுமந்திருந்த மாதங்களில், பிறக்கவிருக்கும் அந்தக் குழந்தையை நோக்கியே ஒரு கவிதைத் தொகுதி எழுதினார். தன் இசைக்கு முதல் காரணம் அந்தக் கவிதைகளே என்று மெஸ்ஸியான் கடைசிவரை சொல்லிவந்தார். தாய்ப்பாசம் கலந்த மிகை என்று இதை ஒதுக்கலாம். ஆனால் தான் பிறக்கும் முன்பே தன்னைப் பற்றி எழுதப்பட்ட நூலைப் படித்து வளர்ந்த ஒரு பிள்ளை, தனக்கு ஏதோ ஒரு பணி குறிக்கப்பட்டிருக்கிறது என்று நம்பி வளர்வதில் வியப்பில்லை. முதல் உலகப் போரில் தந்தை படைக்குச் சென்றுவிட, தாயுடன் கிரனோபிளில் வளர்ந்தபோது தானாகவே பியானோ பழகினார். பிறகு நாந்த் நகரில், பத்து வயதுப் பையனுக்கு அவனுடைய ஆசிரியர் பரிசாகக் கொடுத்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் துபுசியின் 'பெலேயாசும் மெலிசாந்தும்' ஓப்பராவின் இசை ஏடு. அன்றைய நிலையில் அது சிறுவனின் கையில் வெடிமருந்தைக் கொடுப்பது போன்றது. 1919இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்து, தேவாலயக் குழாய் இசைக்கருவியான ஆர்கனை மார்செல் துப்ரேயிடமும் இசையமைப்பைப் போல் துக்காவிடமும் கற்றார். 1927இல் தாய் காசநோயால் இறந்தார்.

1931இல், 22 வயதில், பாரிஸின் த்ரினித்தே தேவாலயத்தில் ஆர்கன் கலைஞராக நியமிக்கப்பட்டார். 1992இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்: அறுபதாண்டுக்கும் மேல். இவரைப் பற்றி எழுதுபவர்கள் முகாமையும் குருவிகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இந்த அறுபதாண்டை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கோ இவருடைய வாழ்க்கையின் அச்சாணியே இதுதான். உலகப் புகழ் பெற்ற பிறகும், ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் படியேறிப் போய் அந்த இருக்கையில் அமர்ந்து, கீழே வழிபடும் மூதாட்டிகளுக்காக வாசித்தார். அவருடைய சுரக்கூட்டுகள் காதைக் குத்துகின்றன என்று பங்கு மக்கள் முறையிட்டதுண்டு. அவர் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. ஒரு வழிபாட்டில் பழைய தேவாலயப் பண், இன்னொன்றில் பழைய மேதைகளின் இசை, நண்பகல் வழிபாட்டில் தன் இசை என்று பகிர்ந்து வைத்துக்கொண்டார். கோயில் நாகஸ்வரக்காரர் எந்த வேளைக்கு எந்த ராகம் என்று அறிந்து நடந்துகொள்வதுபோன்ற ஒழுங்கு அது. இந்தியச் சந்தங்கள் அவருடைய இசையில் முதலில் தெளிவாகத் தலைகாட்டியதும் ஆர்கனுக்காக 1935இல் எழுதிய 'ஆண்டவரின் பிறப்பு' என்ற படைப்பில்தான். கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும் இசைக்குள் சார்ங்கதேவரின் தாளங்கள் நுழைந்ததில் அவர் எந்தப் பிணக்கையும் உணரவில்லை.

முகாம் கதைக்கு வருகிறேன். 1939இல் படைக்கு அழைக்கப்பட்ட மெஸ்ஸியான், பார்வைக் குறைவால் போர்முனைக்கு அனுப்பப்படாமல் மருத்துவப் பணியில் அமர்த்தப்பட்டார். 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, கெர்லிட்ஸ் நகருக்கு அருகிலிருந்த எட்டு-ஏ எண் போர்க்கைதிகள் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த இடம் இன்று போலந்து எல்லைக்குள் இருக்கிறது. கிளாரினெட் கலைஞர் ஆன்ரி அக்கோக்கா, செலோ கலைஞர் எத்தியென் பாஸ்கியே, வயலின் கலைஞர் ழான் லு பூலேர் ஆகியோரும் அங்கே கைதிகள். இசையை மதித்த கார்ல்-ஆல்பர்ட் ப்ரூல் என்ற ஜெர்மானிய அலுவலர் தாளும் பென்சிலும் தந்து உதவினார். 'காலத்தின் முடிவுக்காக ஒரு நால்வர் இசை' 1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், முகாமின் கொட்டகை ஒன்றில் அரங்கேறியது. இவ்வளவும் உறுதி.

ஐயாயிரம் பேர் என்பது மெஸ்ஸியான் பிற்காலத்தில் சொன்ன எண். அந்தக் கொட்டகையில் சில நூறு பேருக்கு மேல் அமர முடியாது. செலோவில் மூன்று தந்தி என்பதும் அவர் சொன்னதே. அதை வாசித்த பாஸ்கியேயோ, தன் செலோவில் நான்கு தந்திகளும் இருந்தன என்று வாழ்நாள் முழுவதும் மறுத்துவந்தார். மூன்று தந்தியில் அந்தப் பகுதியை வாசிக்கவே முடியாது என்பது செலோ தெரிந்த எவருக்கும் விளங்கும். மெஸ்ஸியான் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. புராணம் சொல்பவருக்குரிய மனம் அவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

புராணத்தில் விடுபடும் வேறு சில செய்திகள் எனக்கு எண்ணிக்கையைவிட முக்கியமாகப் படுகின்றன. அந்த இசையின் எட்டுப் பகுதிகளும் முகாமில் பிறந்தவை அல்ல. ஐந்தாம் பகுதி 1937இல் பாரிஸ் கண்காட்சியின் நீரூற்று விழாவுக்காக அவர் எழுதியதிலிருந்தும், எட்டாம் பகுதி 1930இல் எழுதிய ஓர் ஆர்கன் படைப்பிலிருந்தும் எடுக்கப்பட்டவை. கிளாரினெட் தனித்து ஒலிக்கும் மூன்றாம் பகுதியை, முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் முன்பே, கைதிகள் வெட்டவெளியில் அடைத்துவைக்கப்பட்டிருந்த நாட்களில் அக்கோக்காவுக்காக எழுதிக் கொடுத்தார். நினைவிலிருந்த பழைய இசையைப் பசியோடும் குளிரோடும் மீண்டும் எழுதி, புதியதோடு கோத்த மாலை அது. இதைச் சொன்னால் படைப்பின் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கையில் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒருவர் தன் நினைவிலிருந்து எதை மீட்டெடுத்தார் என்பது, எதைப் புதிதாக எழுதினார் என்பதைவிடக் குறைந்த செய்தியா என்ன?

அக்கோக்கா யூதர். அவர் பின்னர் ஓடும் ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார். லு பூலேர் போருக்குப் பின் வயலினை வைத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு நடிகரானார். மெஸ்ஸியான் 1941இல் விடுவிக்கப்பட்டு பாரிஸ் திரும்பி, இசைக் கல்லூரியில் ஹார்மனி (சுரக்கூட்டு இலக்கணம்) பேராசிரியரானார். அந்த இடம் காலியானதற்குக் காரணம், ஜெர்மனிக்கு இணங்கி நடந்த பிரெஞ்சு விஷி அரசின் யூத விரோதச் சட்டத்தின்படி முந்தைய ஆசிரியர் நீக்கப்பட்டதுதான். சட்டத்தை எழுதியவர் மெஸ்ஸியான் அல்லர், அதை ஆதரித்தவரும் அல்லர். ஆனால் யூத நண்பரோடு முகாமில் பசியைப் பகிர்ந்தவர், யூதர் ஒருவரை எழுப்பிவிட்ட நாற்காலியில் வந்து அமர்ந்தார் என்பதைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்வது சரியென்று எனக்குப் படவில்லை.

அந்த வகுப்பறைதான் பிற்காலத்தில் ஐரோப்பியப் புதிய இசையின் பெரும்பகுதியைப் பெற்றெடுத்தது. பூலேஸ், ஸ்டாக்ஹவுசன், செனாகிஸ், பின்னர் க்ரிசே, மியுராய், ஜார்ஜ் பெஞ்சமின் என்று ஒருவரைப்போல் இன்னொருவர் இல்லாத மாணவர்கள். ஆசிரியரின் நகலாக ஒருவர்கூட வரவில்லை என்பதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறென்ன சான்று வேண்டும்? ஹார்மனி முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டு வந்த செனாகிஸிடம், நீங்கள் கிரேக்கர், கட்டடக் கலைஞர், கணிதம் படித்தவர், அவற்றைக் கொண்டே இசையமையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மாணவரான பூலேஸோ 1948இல், மெஸ்ஸியான் இசையமைப்பதில்லை, அடுத்தடுத்து வைக்கிறார் என்று எழுதினார். குத்தல்தான், ஆனால் மிகச் சரியான குத்தல். வளர்த்தெடுப்பது மேற்கத்திய இசையின் வழக்கம். மெஸ்ஸியான் வளர்க்கமாட்டார், ஒரு மணியின் அருகில் இன்னொரு மணியைக் கோத்து வைப்பார். பட்டியலிலிருந்து தாளங்களை எடுத்தவருக்கு அது பொருந்தும். பூலேஸ் பிற்காலத்தில் அதே ஆசிரியரின் படைப்புகளைப் பல முறை நடத்தினார்.

1941இல் அமைந்த முதல் வகுப்பிலேயே இருந்த மாணவி இவோன் லோரியோ. அவர் பியானோவில் எதையும் வாசித்துவிடக்கூடியவர் என்பதை அறிந்த பிறகு மெஸ்ஸியானின் எழுத்தே மாறியது; 1943 முதல் அவருடைய பியானோ பகுதிகள் எல்லாம் அந்த விரல்களுக்காக எழுதப்பட்டவை. ஆனால் மெஸ்ஸியானுக்கு 1932இலேயே வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான கிளேர் தெல்போஸுடன் திருமணம் ஆகியிருந்தது. போர் முடியும் காலத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் கிளேருக்கு நினைவு தவறத் தொடங்கியது. எஞ்சிய ஆண்டுகளைப் பராமரிப்பு இல்லத்தில் கழித்து 1959இல் இறந்தார். மெஸ்ஸியான் லோரியோவை மணந்தது 1961இல். காதலின் களியாட்டம் என்று சொல்லப்படும் துரங்கலீலா 1946 முதல் 1948 வரை, அதாவது இந்த இருண்ட ஆண்டுகளின் நடுவில் எழுதப்பட்டது. 1949 டிசம்பர் 2 அன்று பாஸ்டனில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் அதை முதன்முதலாக நடத்தினார், பியானோவில் லோரியோ. பத்துப் பகுதிகளின் பேரிரைச்சலான மகிழ்ச்சியைக் கேட்டுச் சலிப்பவர்கள் உண்டு. நானும் சில இடங்களில் சலித்திருக்கிறேன். எழுதியவரின் வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பது தெரிந்த பிறகு, அந்த மகிழ்ச்சியின் மிகை எனக்கு வேறுவிதமாகக் கேட்கிறது.

1952 வாக்கில் பறவையியலாளர் ழாக் தெலமானைச் சந்தித்த பின், குருவிகள் அவருடைய இசையின் மையத்துக்கு வந்தன. விடியற்காலையில் தாளும் பென்சிலுமாகக் காட்டோரத்தில் நின்று பாட்டைக் காதால் கேட்டுச் சுரப்படுத்துவார். பறவைகள் நம் கருவிகளால் எட்ட முடியாத வேகத்திலும் உயரத்திலும், நம் அரைச்சுரத்தைவிட நுண்ணிய இடைவெளியிலும் பாடுபவை. ஆகவே வேகத்தைக் குறைத்து, ஸ்தாயியை இறக்கி, இடைவெளிகளை அதே விகிதத்தில் அகட்டித்தான் அவற்றை எழுத வேண்டியிருந்தது. பிரான்சின் பறவைகளைப் பற்றி 13 பியானோ படைப்புகள் கொண்ட 'பறவைகளின் பட்டியல்' 1958இல் முடிந்தது. தலைப்பிலேயே 'பட்டியல்' இருக்கிறது, கவனியுங்கள். ஆனால் தாளப் பட்டியலைப் போல இது எவரோ தொகுத்தளித்தது அன்று. பனியில் நின்று அவரே தொகுத்தது. 1956இல் அரங்கேறிய 'அயல்நாட்டுப் பறவைகள்' என்ற படைப்பில் நம்மூர்க் காடுகளின் சோலைபாடியும் மலை மைனாவும் பாடுகின்றன. அவற்றின் அடியில் தாள வாத்தியங்கள் சார்ங்கதேவரின் தாளங்களையும் கிரேக்கச் சீர்களையும் ஒலிக்கின்றன. ஏட்டிலிருந்து வந்த இந்தியாவும் செவி வழி வந்த இந்தியாவும் அவருடைய இசையில் சந்தித்துக்கொண்ட இடம் இது. துரங்கலீலாவைவிட எனக்கு இதுவே பிடிக்கும். கால் மணி நேரத்துக்குள் முடிந்தும் விடுகிறது.

எஞ்சியதை விரைவாகச் சொல்லிவிடலாம். 1978இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். எட்டு ஆண்டுகள் உழைத்து எழுதிய ஒரே ஓப்பரா 'அசிசி நகர் பிரான்சிஸ்' 1983இல் பாரிஸில் சேஜி ஒசாவா நடத்த அரங்கேறியது. பறவைகளுக்குப் போதித்த புனிதரைத் தவிர வேறு எவரை அவர் தேர்ந்தெடுத்திருப்பார்? அதற்காகப் பறவை கேட்க நியூ கலிடோனியா வரை போய்வந்தார். 1992 ஏப்ரல் 27 அன்று இறந்தார். அவருடைய கடைசிப் பெரும் படைப்பை அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் முதன்முதலாக நடத்தியவர் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா.

நீங்கள் மீண்டும் கேட்பதாக இருந்தால், துரங்கலீலாவை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். முகாமில் எழுதிய நால்வர் இசையின் முதல் பகுதியிலிருந்து தொடங்குங்கள். இரண்டரை மூன்று நிமிடம்தான். விடியலுக்கு முன் பறவைகள் விழிக்கும் நேரம். கிளாரினெட்டும் வயலினும் பறவைகள். பியானோவை மட்டும் கவனியுங்கள். ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களைக் கோத்து உண்டாக்கிய 17 அளவுகள் கொண்ட ஒரு வரிசை அதில் ஓடுகிறது. அதன்மேல் 29 சுரக்கூட்டுகள் கொண்ட இன்னொரு வரிசை ஓடுகிறது. இரண்டும் பகா எண்கள். எனவே இரண்டும் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கு ஒன்றாகத் திரும்ப 493 அளவுகள் ஆகும்; அதற்கு வெகு முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. இரண்டு எண்களைச் சந்திக்க வைத்து, முடிவு வந்து விழும் இடமான அருதியில் கொண்டு சேர்ப்பது நம் கோர்வைக் கணக்கு. அதே பெருக்கல் வாய்பாட்டைச் சந்திக்கவே கூடாது என்பதற்காகப் போட்டவர் இவர். சமம் எங்கே என்று நீங்கள் தேடியதற்கு விடை: அது இருக்கிறது, இசை முடிந்து நெடுநேரத்துக்குப் பிறகு விழ வேண்டியது.

இந்தப் படைப்புக்கு 1956இல் செய்த ஒரு பதிவு கிடைக்கிறது. வயலினும் கிளாரினெட்டும் வேறு கலைஞர்கள். பியானோவில் மெஸ்ஸியானே இருக்கிறார். செலோவில் அதே எத்தியென் பாஸ்கியே, நான்கு தந்திகளோடு. கையை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். குருநாதருக்கு என் வணக்கங்களைச் சொல்லுங்கள்.

அன்புடன்.